மாதிரி பதினான்கு

லா ஷப்பேல் கடையில்
வெண்டிக்காய்க்கும் உறைந்த பாரைமீனுக்கும் நடுவே
மூன்றே மூன்று கிடக்கின்றன,
முள் நுனி கறுத்து.
அட்டையில் தயாபரன் அண்ணையின் கையெழுத்து:
முள் அன்னமுன்னா. புற்றுநோய்க்கு மிக நல்லது.
கிலோ பத்தொன்பது யூரோ.
போன கிழமை பன்னிரண்டு.

இந்தப் பழத்தை எனக்குத் தெரியும்.
தெரியும் என்றால்
அதன் விதையை அரைத்திருக்கிறேன்,
எத்தனாலில் மூன்று இரவு ஊறவைத்து
வடித்து, உலர்த்தி,
குடுவையடியில் ஒட்டிய மஞ்சள் பிசினை
நிறுத்து எழுதியிருக்கிறேன்:
மாதிரி பதினான்கு. நாற்பத்தொரு மில்லிகிராம்.

வில்ஜுய்ஃபில், நான்காம் மாடியில்,
கிண்ணத்தில் வளரும் உயிரணுக்கள்
யாரோ ஒருத்தியின் மார்பிலிருந்து வந்தவை.
அவள் செத்துப் பல வருடம். இவை சாகவில்லை.
வெள்ளிக்கிழமை ஒரு துளி விட்டேன்.
திங்கள் காலை நுண்நோக்கியில்
பிடித்திருந்த தரையை விட்டுக் கழன்று
உருண்டு மிதந்தன,
அரிசி கழுவும்போது மேலே வரும் உமிபோல.
பெர்த்தியே விசிலடித்தார்.
நானும் சிரித்தேன், மறைப்பானேன்.

பக்கத்துக் கிண்ணத்தில் நரம்பணுக்கள்.
அதே துளி.
மெல்லிய கை நீட்டி
ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தவை
புதன்கிழமை
தொடுவதை நிறுத்தியிருந்தன.
பழத்துக்கு ஆளடையாளம் தெரியாது.
அன்று யாரும் விசிலடிக்கவில்லை.
பெர்த்தியே கோப்பியை ஊற்றிவிட்டுக்
குடிக்க மறந்து போனார்.

இப்போது கடையில் ஒரு பெண்.
பேச்சில் குவாதலூப்.
தலையில் பச்சைத் துணி. புருவம் இல்லை.
கொரொசோல், என்கிறாள் பழத்திடம்,
வெகுநாள் காணாத ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதுபோல்.
காம்படியைக் கட்டைவிரலால் அழுத்தி
மோந்து பார்த்து
மூன்றையும் கூடையில் வைக்கிறாள்.
பிறகு சில்லறை எண்ணி
ஒன்றைத் திருப்பி வைக்கிறாள்.

நான் என்ன சொல்ல?
நாங்கள் எலிவரைக்கும்கூடப் போகவில்லை, மதாம், என்றா?
கிண்ணம் ஒரு ஊர், உடம்பு வேறு ஊர், என்றா?
பிரெஞ்சில் இதற்கெல்லாம் என்னிடம் நல்ல வசனங்கள் உண்டு,
கருத்தரங்குக்கு மனப்பாடம் செய்தவை.
ஒன்றும் வாயில் வரவில்லை.
கழுத்தில் தொங்கிய அட்டையைத் தூக்கிக் காட்டினேன்:
நான் அங்கே வேலை செய்கிறேன்.

நான் அங்கேதான் வருகிறேன், என்றாள்,
செவ்வாய்தோறும். தரைத்தளம்.
இதைத் தின்பது டாக்டருக்குத் தெரியுமா?
கேட்டாயிற்று. கொஞ்சமாக என்றார்.
ஊசிக்குப் பிறகு
எதைத் தின்றாலும் இரும்பு ருசி, மத்மசேல்.
இது ஒன்றுதான் தொண்டைக்குள் இறங்குகிறது.
உங்கள் மருந்து எப்போது வரும்?
பத்து வருடம், என்றேன். வந்தால்.
அவள் சிரித்தாள், கோபமில்லாமல்,
பேருந்து தாமதம் என்று கேட்டவள்போல.

விதையைத் துப்பிவிடுங்கள், என்றேன் அவசரமாய்.
எங்கள் தீவில் பிள்ளைகளுக்கே தெரியும், என்றாள்,
விதை நஞ்சு.

எங்களுக்கு எட்டு மாதம் பிடித்தது.

அது என்ன எழுத்து? அட்டையைக் காட்டிக் கேட்டாள்.
எங்கள் எழுத்து, என்றேன்.
என்ன சொல்கிறது?
விலை ஏறிவிட்டதாம்.

அண்ணை, பன்னிரண்டுக்குக் குடுங்கோ.
அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.
அந்த அட்டையையும் எடுங்கோ.
எல்லாரும் சொல்லுகினம் தங்கச்சி, இன்டர்நெட்டிலயும் கிடக்கு.
சொல்லட்டும். எடுங்கோ.
கல்லாப்பெட்டி ஒருதரம் திறந்து மூடியது.
பன்னிரண்டு என்று அடித்தார்.
அட்டையை எடுக்கவில்லை, திருப்பி வைத்தார்.
பின்பக்கம் பழைய மையில்:
கணவாய், புது வரவு.

மூன்றாவது பழத்தையும் அவளே கொண்டுபோனாள்.

ஸ்டாலின்கிராடில் ஏழாம் தடத்துக்கு மாறி
கம்பியைப் பிடித்து நிற்கும்போதுதான் உறைத்தது.
எந்த எடையில் எத்தனை சாகும் என்று
தசமப்புள்ளி தள்ளிச் சொல்வேன்.
அது இனிக்குமா புளிக்குமா
என்று கேட்டால்
எனக்குத் தெரியாது.